ஒரே கை... ரெண்டு ரூட்டு!

பேனாவை எடுத்தால் முடி முடியாகக் கோடு. பிரஷ்ஷை எடுத்தால் கட்டுக்கடங்காத கலர். ரெண்டும் ஒரே ஆள்! ஓவியர் ஆதிமூலத்தின் கையைப் பிடிச்சுக்கிட்டு, தஞ்சாவூர் பெரிய கோயில் சுவர் வரைக்கும் ஒரு ரவுண்டு போவோமா?

உங்க கிளாஸ்லயும் இந்த ரெண்டு பேர் கண்டிப்பா இருப்பாங்க.

முதல் ஆள், ‘ரெக்கார்டு நோட்டு ஸ்பெஷலிஸ்ட்’. டிரான்ஸ்ஃபார்மர் படம் போடச் சொன்னால், காயில் சுற்றை எண்ணி எண்ணிப் போடுவார். சப்மிஷனுக்கு முந்தின ராத்திரி இவர் ரூம் வாசலில் க்யூ நிற்கும். இரண்டாவது ஆள், ‘கல்ச்சுரல்ஸ் ஸ்பெஷலிஸ்ட்’. மேடைக்குப் பின்னால் கட்டுற துணியைத் தரையில் விரிப்பார், பெயின்ட் டப்பாவைத் திறப்பார், அவ்வளவுதான்... கை போன போக்கில் கலர் பறக்கும். “என்ன மச்சி இது?”னு கேட்டா, “தெரியலடா, தோணுச்சு”ன்னு பதில் வரும்.

முதல் ஆளுக்கு நாம வெச்சிருக்கிற பட்டம் ‘பொறுமைசாலி’. இரண்டாவது ஆளுக்கு ‘கிரியேட்டிவ்’. அவருக்குக் கற்பனை கிடையாது, இவருக்குப் பயிற்சி தேவையே கிடையாது என்பது நம்ம தீர்ப்பு. இது ரெண்டு பேருக்குமே நாம செய்ற அநியாயம். ஏன்னு புரிஞ்சுக்க ஒரே ஒருத்தரைத் தெரிஞ்சுக்கிட்டாப் போதும். அவர், ஓவியர் கே.எம்.ஆதிமூலம்.

கீரம்பூர் டு எழும்பூர்

காவிரி நம்ம தஞ்சாவூருக்கு வந்து சேர்றதுக்கு முன்னாடி தாண்டி வருதே திருச்சி மாவட்டம், அங்கே துறையூர் பக்கத்தில் இருக்கிற கிராமம் கீரம்பூர். அங்கேதான் 1938-ல் பிறந்தார் ஆதிமூலம். படம் போடணும்ங்கிற ஒரே ஆசையோடு சென்னைக்கு வந்தவருக்கு வழிகாட்டியாகக் கிடைத்தவர் சிற்பி எஸ்.தனபால். 1960-ல் எழும்பூர் பக்கம் இருக்கிற அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். படிப்பை முடித்தது 1966-ல்.

அது சாதாரண நேரம் இல்லை. அப்போ அங்கே முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ்.பணிக்கர். வெள்ளைக்காரங்க காலத்தில் தொடங்கின ஸ்கூல், மேல்நாட்டு பாணிப் பயிற்சி. ‘ஐரோப்பாக்காரங்க மாதிரியே வரைஞ்சுக்கிட்டு இருந்தா எப்படி? நமக்குன்னு என்ன இருக்கு?’ என்ற கேள்வி அங்கே சூடாக ஓடிக்கொண்டிருந்த காலம். கோயில் சிற்பம், ஓலைச்சுவடி எழுத்து, வாசல் கோலம்னு நம்ம பக்கம் திரும்பிப் பார்த்தவங்களுக்குக் கிடைச்ச பதில்களில் முக்கியமானது... கோடு! வெளிச்சம், நிழல் எல்லாம் அப்புறம். முதலில் கோடு. ‘மெட்ராஸ் மூவ்மென்ட்’ என்று இன்றைக்குச் சொல்கிற அந்தக் கூட்டத்தின் அடையாளமே அதுதான். அந்தக் கோட்டில் கில்லியாக வெளியே வந்தவர் ஆதிமூலம்.

நூறு காந்தி

1969. காந்தி பிறந்து நூறாவது வருஷம். ஆதிமூலத்துக்கு வயசு முப்பத்தொண்ணு. அந்த வருஷம் அவர் காந்தியை வரைந்தார். ஒண்ணு, ரெண்டு இல்லை... நூறு படம்! எல்லாமே கறுப்பு மைக் கோடுகள். இளைஞர் காந்தி, நடக்கிற காந்தி, யோசிக்கிற காந்தி, சிரிக்கிற காந்தி...

காந்தி என்றாலே கண்ணாடி, கைத்தடின்னு ரெண்டு கோட்டில் முடிச்சுடலாமே? கார்ட்டூனுக்கு அது போதும். ஆதிமூலம் செய்தது வேற. அந்தப் படங்களை நிதானமாகப் பார்த்தால், கன்னத்துச் சுருக்கம், நெற்றி மேடு, தோள்பட்டை எலும்பு எல்லாமே கோடுகளின் கூட்டம். பக்கத்துப் பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்று, குறுக்கும் நெடுக்கும். சில இடத்தில் புதர் மாதிரி நெருக்கம். சில இடத்தில் வெறும் வெள்ளைத் தாள். அந்த வெள்ளைதான் வெளிச்சம்!

எலெக்ட்ரானிக்ஸ் மக்களுக்கு ஈஸியாகப் புரியும். மைக்ரோகன்ட்ரோலர் லேபில் எல்.இ.டி. விளக்கைப் பாதி வெளிச்சத்தில் எரிய விடணும்னா என்ன பண்றோம்? பாதி கரன்ட்டா கொடுக்கிறோம்? வேகமாக ஆன்-ஆஃப், ஆன்-ஆஃப். ஆன் நேரம் குறைந்தால் மங்கல், கூடினால் பளிச். மைக் கோட்டுக்கும் அதே கதைதான். மையில் சாம்பல் நிறமே கிடையாது. ஒண்ணு கறுப்பு, இல்லேன்னா தாள். கோடுகளுக்கு நடுவில் எவ்வளவு இடம் விடுகிறோம் என்பதில்தான் அத்தனை சாம்பலும் ஒளிஞ்சிருக்கு. அந்த இடைவெளியை அவர் ஸ்கேல் வெச்சு அளக்கவில்லை. கை அளந்தது.

நூறு ஏன்? முதல் பத்துப் படத்தில் காந்தியின் முகம் வந்திருக்கும். இருபதில் அசைவு வந்திருக்கும். அதுக்கு மேல போகப் போக, மூக்கு எங்கே ஆரம்பிக்குதுன்னு மூளையைக் கேட்க வேண்டிய அவசியம் கைக்கு இருந்திருக்காது. இது நானாகப் போடும் கணக்குதான். ஆனா, எதையாவது நூறு தடவை செஞ்சு பார்த்தவங்க யாரும் இதை மறுக்க மாட்டாங்க.

உதிர்கிற ராஜாக்கள்

காந்திக்கு அடுத்து ஆதிமூலத்தின் பேனாவில் மாட்டியவர்கள் மகாராஜாக்கள். கிரீடம், அங்கி, வாள், நகை எல்லாம் பக்காவாக இருக்கும். ஆனா, உள்ளே இருக்கிற ஆள் மட்டும் உளுத்துப்போன மரம் மாதிரி இருப்பார். முகம் கோணும், உடம்பு கரையும். நகையின் மணியை எண்ணிடலாம். ராஜாவின் கம்பீரத்தைத் தேடணும்! நாட்டில் மன்னர் மானியம் 1971-ல் ஒழிக்கப்பட்டதையும் சேர்த்து யோசித்துப் பாருங்க, அந்தப் படங்கள் இன்னும் சுவாரஸ்யமாகும்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். நுணுக்கமாக வரையறதுன்னா ‘உள்ளதை உள்ளபடி காப்பி அடிக்கிறது’ன்னு நாம நினைக்கிறோம். இந்த ராஜாக்களில் நுணுக்கம் கூடக் கூட நிஜம் குறையுது. கற்பனை கூடுது. ரெக்கார்டு நோட்டு நண்பருக்குக் கற்பனை கிடையாதுன்னு சொன்னோமே, அந்தத் தீர்ப்பு இங்கேயே அடி வாங்குது.

திடீர்னு கலர்!

கோட்டுக்குன்னு ஒரு பேர் வாங்கியாச்சு. பத்திரிகைக்காரங்க தேடி வர்றாங்க. வேற யாராவது இருந்தா, அதே ரூட்டில் கடைசி வரைக்கும் ஜாலியாக ஓட்டியிருப்பாங்க. ஆதிமூலம் அப்படிச் செய்யவில்லை. எழுபதுகளில் அவர் படங்களிலிருந்து மனிதர்கள் மெள்ள மெள்ள மறைந்தார்கள். முதலில் வெறும் வெளி. அப்புறம் எண்ணெய் வண்ணம். பெரிய பெரிய கேன்வாஸ்கள். நீலம், பச்சை, மஞ்சள், செம்மண் சிவப்புன்னு அடுக்கடுக்காகக் கலர். முகம் கிடையாது, மரம் கிடையாது, கதை கிடையாது. உற்றுப் பார்த்தால் வயல் மாதிரி, வானம் மாதிரி, தண்ணி மாதிரி ஏதோ தோணும். ‘மாதிரி’ மட்டும்தான்!

காந்தியின் இமை முடியை வரைந்த அதே கைதான் இதையும் செய்தது. “கோடு நல்லா வருதே, இது எதுக்கு?”ன்னு கேட்டவங்க இருந்திருப்பாங்க. ‘இது யார் வேணா பண்ணலாமே’ன்னு நினைத்தவங்களும் இருந்திருப்பாங்க. மாடர்ன் ஆர்ட் என்றால் நம்ம ஊரில் கிடைக்கிற மரியாதை அப்படி.

இப்போ முக்கியமான பாயின்ட்டுக்கு வர்றேன். நுணுக்கமான கோட்டோவியம்னா பிளான் பண்ணிச் செய்றது, அருவமான வண்ணப் படம்னா தோணினபடி செய்றதுன்னு நாம நம்புறோம் இல்லையா? அந்த ரெண்டு சாமானையும் கையில் எடுத்துப் பாருங்க, கதை தலைகீழ்!

கறுப்பு மையை அழிக்க முடியாது. பேனா தாளைத் தொட்ட நொடியில் முடிவு எடுத்தாச்சு. அடுத்த கோடு எங்கேன்னு உட்கார்ந்து யோசிச்சா, கோடு தயங்கும். தயங்கின கோடு பார்க்கிறவங்களுக்குத் தெரிஞ்சுடும். ஆக, ‘நுணுக்கம்’னு நாம சொல்ற படத்தில்தான் ஆயிரக்கணக்கான தடவை ‘தோணினதை’ நம்பி இறங்க வேண்டியிருக்கு. எண்ணெய் வண்ணமோ காய்வதற்கே நாள் கணக்காகும். தள்ளி நின்னு பார்க்கலாம். சுரண்டி எடுக்கலாம். மேலே இன்னொரு அடுக்கு போடலாம். ரெண்டு நாள் கழிச்சு வந்து மனசை மாத்திக்கலாம். ‘தோணினபடி’ன்னு நாம சொல்ற படத்தில்தான் யோசிக்கிறதுக்கு நேரம் நிறைய!

உள்ளுணர்வுக்கும் நுணுக்கத்துக்கும் சண்டையே கிடையாது பாஸ். நுணுக்கமாகச் செய்து செய்து கையில் மிச்சமாகி நிற்கிற அறிவுக்குத்தான் உள்ளுணர்வுன்னு பேர்.

நம்ம ஊர்லயே உதாரணம் இருக்கு. குறுவை நடவு நேரத்தில் வயல் பக்கம் போய்ப் பாருங்க. குனிஞ்ச தலை நிமிராமல் நாத்தை ஊன்றிக்கிட்டே பின்னால் வர்றாங்களே அம்மாக்கள், அவங்க கையில் ஸ்கேலா இருக்கு? பேச்சு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். ஆனா குத்துக்குக் குத்து இடைவெளி பிசகாது. வாசலில் சிக்குக் கோலம் போடுறவங்களும் அப்படித்தான். புள்ளி வைக்கிற வரைக்கும் கணக்கு. இழை இழுக்க ஆரம்பிச்சா, ஒரே ஓட்டம்.

ஈரம் காயறதுக்குள்ள...

இந்த விஷயத்தை ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே சுவரில் செஞ்சு காட்டின ஊர் தஞ்சாவூர். பெரிய கோயிலுக்குப் போனால் நந்தியோடு போட்டோ எடுத்துட்டு, புல்தரையில் உட்கார்ந்து கடலை போட்டுட்டு வந்துடுறோம். கருவறையைச் சுத்தி, ரெண்டு சுவருக்கு நடுவில் ஒரு இருட்டுப் பாதை இருக்கு. ராஜராஜன் காலத்து ஓவியங்கள் அங்கேதான் இருக்கு. கோயில் கட்டி முடித்தது 1010-ல். ஓவியம் வெளியே தெரிய வந்தது 1931-ல்! அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே.கோவிந்தசாமி உள்ளே போய்ப் பார்த்தபோது, மேலே இருந்தது நாயக்கர் காலத்து ஓவியம். அது உதிர்ந்த இடங்களில், அடியிலிருந்து சோழர் காலத்துக் கோடுகள் எட்டிப் பார்த்தன. ஒரு படத்துக்குள்ள இன்னொரு படம்!

வெள்ளை யானையில் கயிலாயம் போகிற சுந்தரர், கூடவே குதிரையில் சேரமான் பெருமாள், ஆடுகிற பெண்கள், முப்புரம் எரிக்கிற சிவன், சிதம்பரத்து நடராஜர்னு சுவர் முழுக்கக் கூட்டம். ஆடுற பெண்ணின் இடுப்பு வளைவை ஒரே கோட்டில் இழுத்திருக்காங்க. நடுவில் எங்கேயும் கை நின்ன தடம் தெரியாது. அதே பெண்ணின் நகையைப் பார்த்தால், மணி மணியாக நுணுக்கம்.

இது எப்படி நிலைச்சுது? சென்னை அருங்காட்சியகத்தில் வேதியியலாளராக இருந்த எஸ்.பரமசிவன், 1930-களில் இந்தச் சுவரை ஆராய்ச்சி பண்ணினார். பசை கலந்து காய்ந்த சுவரில் பூசின கலர் இல்லை, ஈரச் சுண்ணாம்பின் மேலேயே தீட்டினது என்பது அவர் கண்டுபிடிச்ச முடிவு. ‘ஃப்ரெஸ்கோ’ன்னு சொல்வாங்களே, அதேதான். ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரியைக் கொஞ்சம் தூசு தட்டுங்க. நீர்த்த சுண்ணாம்பு என்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. அது காற்றில் இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடை இழுத்துக்கிட்டு கால்சியம் கார்பனேட்டாக மாறும். அதாவது, திரும்பவும் சுண்ணாம்புக் கல்! மேலே தீட்டின காவிக்கல்லும் கரியும் அந்தக் கல்லுக்குள்ளேயே மாட்டிக்கும். பசையே தேவை இல்லை.

இதில் ஒரே ஒரு கண்டிஷன். ஈரம் காயறதுக்குள்ள முடிக்கணும். சாந்து பூசினதும் கடிகாரம் ஓட ஆரம்பிச்சுடும். காவிக் கோட்டில் உருவத்தைப் போடணும், கலரை நிரப்பணும், திரும்பவும் கோட்டால் கட்டணும். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ கிடையாது. பத்து நிமிஷம் யோசிச்சா, பத்து நிமிஷ ஈரம் போச்சு. இன்னிக்கு எவ்வளவு சுவர் பூசணும், எந்த உருவம் எங்கே வரணும்னு துல்லியமான பிளான் இல்லாம இதைச் செய்ய முடியாது. கையில் வேகம் இல்லாமலும் செய்ய முடியாது. நம்ம கிளாஸின் ரெண்டு ஸ்பெஷலிஸ்ட்டும் ஒரே உடம்பில் இருந்தால்தான் அந்தச் சுவர் சாத்தியம். அதில் கையெழுத்துப் போட்ட ஓவியர் ஒருத்தரும் இல்லை. பேர் தெரியாத அந்தக் கைகளின் வேலை, இன்னொரு ஓவியத்துக்கு அடியில் பல நூறு வருஷம் பொறுமையாகக் காத்திருந்தது.

மேலே இருந்த நாயக்கர் ஓவியமும் சும்மா தூக்கிப் போடுற சரக்கு இல்லை. அதனால் தொல்லியல் துறை, சில இடங்களில் அந்த மேல் அடுக்கைப் படத்தோடு அப்படியே பிரித்து எடுத்து, தனிப் பலகையில் ஒட்டிப் பாதுகாத்து, அடியில் இருந்த சோழர் படத்தை வெளியே கொண்டுவந்தது. ரெண்டு அடுக்கும் தப்பியது. நம்ம சிவில் மக்கள் கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கலாம், இது கட்டடப் பாதுகாப்பும் சேர்ந்த சப்ஜெக்ட்!

தங்கத்துக்கு அப்புறமும் கோடுதான்

ஊர் பேரையே சுமந்துக்கிட்டு உலகம் சுத்துற தஞ்சாவூர் ஓவியத்தில் ரூட் கொஞ்சம் வேற. பலகை மேல் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் கலந்து பூசித் தேய்ச்சு வழவழப்பாக்கி, அதில் முழுப் படத்தையும் கோட்டில் போட்டுக்கிறாங்க. நகை, தூண், மண்டப வளைவு எல்லாம் மேடாக எழும்பும். கல் பதிப்பாங்க. தங்கத் தாள் ஒட்டுவாங்க. பிறகு கலர். கடைசியில் திரும்பவும் மெல்லிய பிரஷ்ஷில் கோடு. கண்ணும் உதடும் விரலும் அந்தக் கடைசிக் கோட்டில்தான் உயிராகும். பெரிய கோயில் சுவரில் அவசரம் என்றால், இங்கே நிதானம். ஆனா இங்கேயும் அந்தக் கண் கோட்டுக்கு ரெண்டாவது சான்ஸ் ரொம்பக் கம்மி. அவ்வளவு நாள் உழைப்பும் தங்கமும் பார்த்துக்கிட்டு இருக்கும்போது, கை நடுங்காம ஒரே இழுப்பில் இழுக்கணும்!

ஒரே வேலை, ரெண்டு ஆள்

டெல்டாக்காரங்க காலரைத் தூக்கி விட்டுக்க இன்னொரு ஆள், ஓவியர் கோபுலு. 1924-ல் தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்து, ஆனந்த விகடனில் ‘தில்லானா மோகனாம்பாள்’ நாவலுக்குப் படம் போட்டவர். நாலு கோட்டில் ஒரு நாதஸ்வரக்காரரின் குணத்தையே கொண்டுவந்துடுவார். அதே விகடனில் அவர் கூட இருந்த இன்னொரு ஓவியர், நாமக்கல்லில் பிறந்த சில்பி. கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து, சிலையில் இருக்கிற ஒவ்வொரு மணியையும் மாலையையும் தாளில் இறக்கினவர். ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடரின் பழைய பக்கங்கள் எங்கேயாவது கிடைத்தால், விடாதீங்க.

ரெண்டு பேரையும் வளர்த்தவர் ஒருத்தரே... ஓவியர் மாலி. பாய்ச்சல் ஒருத்தருக்கு, பொறுமை ஒருத்தருக்குன்னு வேலை பிரிஞ்சது. பத்திரிகைக்கு அது வசதி. பொதுவாக உலகம் முழுக்க இப்படித்தான் பிரியுது. ஆதிமூலத்தை நாம இவ்வளவு நேரம் பேசுறதுக்குக் காரணமே, அவர் அந்தப் பிரிவினைக்கு ஒத்துக்கவில்லை என்பதுதான்.

ரஷ்யாவிலிருந்து ஒரு சாட்சி

அருவ ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருத்தர் வாஸிலி காண்டின்ஸ்கி. ரஷ்யாக்காரர், ஜெர்மனியில் இருந்தார். தன் படங்களுக்கு அவரே ரெண்டு முக்கியமான வகை வெச்சிருந்தார். உள்ளிருந்து சட்டுனு வர்றதுக்கு ‘இம்ப்ரொவைசேஷன்’. ரொம்ப நாள் ஊறப்போட்டுச் செய்றதுக்கு ‘காம்போசிஷன்’. அவருடைய ‘காம்போசிஷன் 7’ படத்தை நெட்டில் தேடிப் பாருங்க. ரெண்டு மீட்டர் உயரம், மூணு மீட்டர் அகலம். முதல் பார்வைக்குக் கலர் கடையில் குண்டு வெடிச்ச மாதிரி இருக்கும். 1913 நவம்பரில் அதை அவர் தீட்டினது நாலு நாளுக்குள்! “அட, நாலு நாள் வேலைதானா?”ன்னு கேட்காதீங்க. அதுக்கு முன்னாடி அந்தப் படத்துக்காக அவர் போட்ட ஒத்திகைப் படங்கள் முப்பதுக்கும் மேல! பார்க்கிறவங்களுக்குத் தெரிஞ்சது நாலு நாள் வெடி. திரி எரிஞ்சது எவ்வளவு நாளோ?

‘நான் லெஃப்ட் பிரெய்ன் மச்சி!’

இன்ஜினீயரிங் சேர்ந்த கையோடு நம்மகிட்ட வந்து ஒட்டிக்கிற டயலாக் இது. இடது மூளைன்னா கணக்கு, வலது மூளைன்னா கலை. நாம இடது கட்சி. ஸோ, கலையெல்லாம் நமக்கு வராது. 2013-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்களின் மூளை ஸ்கேனை எடுத்து அலசிப் பார்த்தாங்க. மொழி மாதிரி சில வேலைகள் ஒரு பக்கம் சாயும், அது நிஜம். ஆனா, ஓர் ஆளுக்கு மொத்தமாக இடது பக்கமோ வலது பக்கமோ ஓங்கி நிக்குதுங்கிறதுக்கு ஆதாரமே கிடைக்கவில்லை. ஆக, அந்த டயலாக்கை இன்னியோட ரிட்டையர் பண்ணிடலாம்.

அடுத்த சாக்கு, ‘எனக்கு வரையவே வராது.’ எங்க செட்டில் பாதிப் பேருக்கு இந்த முடிவு வந்தது ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினீயரிங் கிராஃபிக்ஸில். மினி டிராஃப்டர், ஷார்ப் பென்சில், ஐசோமெட்ரிக் வியூ. கோடு அரை மில்லிமீட்டர் நகர்ந்தா மார்க் போச்சு. மெஷினுக்குப் படம் போடுறப்போ அது நியாயம்தான். பேரிங் மாட்ட முடியலேன்னா யார் பதில் சொல்றது? ஆனா அந்த மார்க் நம்ம கைக்குப் போட்ட மார்க்னு எடுத்துக்கிட்டோம், பாருங்க... அங்கேதான் இழப்பு. ஸ்கேல் இல்லாம ஒரு கோடு இழுக்கவே பயம் வந்துடுச்சு. எல்.கே.ஜி.யில் சுவர் முழுக்கக் கிறுக்கின அதே கை! கம்ப்யூட்டரில் வரைவதும், கேட்டதும் படம் போட்டுத் தருகிற சாஃப்ட்வேரும் வந்த பிறகு, ‘நாம எதுக்கு வரையணும்?’ங்கிற கேள்வியும் சேர்ந்துக்கிச்சு.

எதுக்குன்னா, பார்க்கிறதுக்கு. ஒரு பொருளைக் கையால் வரையும்போதுதான் அதை முதல் தடவையா ஒழுங்கா பார்க்கிறோம். தினமும் ஏறுகிற டவுன் பஸ்ஸின் முகத்தை இப்போ கண்ணை மூடிக்கிட்டு வரைஞ்சு பாருங்க, தெரியும் சேதி!

வீக் எண்ட் ஹோம்வொர்க்

சனிக்கிழமை: ஒரு பால்பாயின்ட் பேனா, பத்துத் தாள். பென்சில், ரப்பர் ரெண்டுக்கும் தடா. ஒரே பொருளைப் பத்துத் தடவை வரைங்க. செருப்பு, ஃபேன், சைக்கிள் எதுவானாலும் ஓகே. கோடு கோணினால் விடுங்க, பக்கத்திலேயே இன்னொரு கோடு போடுங்க. பத்தையும் வரிசையா தரையில் பரப்புங்க. முதல் படத்துக்கும் பத்தாவது படத்துக்கும் நடுவில் உங்க கை எதையோ கத்துக்கிட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை: பெரிய சார்ட், தடிமனான பிரஷ், மூணே கலர். நெல் வயல் பக்கம் போய்க் கால் மணி நேரம் சும்மா பாருங்க. நாத்தங்கால் பச்சை வேற, நட்ட பயிரின் பச்சை வேற, கதிர் முத்தும்போது வேற. திரும்பி உட்கார்ந்து, வயலை வரையாம, அங்கே பார்த்த கலரை மட்டும் வைங்க. பொருள் எதுவும் தெரிய வேண்டாம். சனிக்கிழமை பத்துப் படம் போடாம இதை மட்டும் செய்றவங்களுக்கும், போட்டுட்டுச் செய்றவங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே கண்டுபிடிங்க.

கடைசிக் கோடு

கலருக்குப் போன ஆதிமூலம் பேனாவை மூடி வெச்சுட்டாரா? இல்லை. கேன்வாஸில் முகமே இல்லாத படங்கள் தீட்டிக்கிட்டிருந்த எண்பதுகளில், ஜூனியர் விகடனில் கி.ராஜநாராயணன் எழுதின ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ தொடருக்கு அவர்தான் படம். அங்கே கரிசல் மண்ணின் மனுஷங்க, கோடு கோடாக உயிரோடு உட்கார்ந்திருப்பாங்க. புத்தக அட்டைகள், சிற்றிதழ்களுக்கான எழுத்து வடிவங்கள்னு அந்தக் கோடு நம்ம தமிழ்ப் பக்கங்களில் ஓடிக்கிட்டே இருந்தது. அவருடைய கோட்டோவியங்களைத் தொகுத்து வந்த ‘பிட்வீன் த லைன்ஸ்’ புத்தகத்தில் இருக்கிற படங்களின் காலம் 1962 முதல் 1996 வரை. கணக்குப் போட்டால் முப்பத்துநாலு வருஷம். மாணவராக இருந்த நாளில் தொடங்கின கோடு, புகழ்பெற்ற வண்ண ஓவியராக ஆன பிறகும் நிற்கவில்லை. 2008 ஜனவரி 15-ல் சென்னையில் அவர் காலமானார்.

பெரிய கோயிலின் உள்பாதைக்குள் பொதுமக்கள் சாதாரணமாகப் போக முடியாது. ஆனா, அந்த ஓவியங்களின் படங்களைக் கோயில் வளாகத்திலேயே தொல்லியல் துறையின் காட்சிக்கூடத்தில் பார்க்கலாம். அடுத்த தடவை போகும்போது நந்திக்கு ஒரு ஹாய் சொல்லிட்டு நேரா அங்கே போங்க. ஆடுகிற பெண்ணின் அந்த ஒரே வளைவை, விரலால் காற்றில் ஒரு தடவை இழுத்துப் பாருங்க.

பேனா எடுக்கணும்னு கை துறுதுறுக்கும். எடுத்துடுங்க!